பாலை விட்டபின் மளிகைப் பட்டியல்: 3,500 ரூபாய்க்குள் நனிசைவம்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள். சாப்பாட்டுக்கு மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பால், தயிர், நெய், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டு வீகன் ஆகிவிட்டீர்கள். அதன்பிறகு சூப்பர் மார்க்கெட்டில் பாதாம் பால், டோஃபு, வீகன் சீஸ், ஓட்ஸ் என்று வாங்கியதில் பத்தாம் தேதிக்குள் பாதிப் பணம் காலி. "வீகன் சாமான்கள் மலிவாக எந்தக் கடையில் கிடைக்கும்? இல்லை, இதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருந்த செலவுக் கணக்கைப் பார்த்தேன். அரிசி, பருப்பு, காய்க்கு நீங்கள் பெரிதாகச் செலவழிக்கவே இல்லை. பால் இருந்த இடம் காலியாகிவிட்டது, அங்கே எதை வைப்பது என்று தெரியாமல் கண்ணில் பட்ட டப்பாவை எல்லாம் வைத்திருக்கிறீர்கள். அதனால் கடை விலாசத்தைவிட முதலில் உங்களுக்கு வேண்டியது, பால் போனபோது கூடவே என்னென்ன போனது, அதை நம்மூர்ச் சாமானில் எதை வைத்து ஈடுகட்டுவது என்ற கணக்கு.

நான் மனையியல் படித்து, கோவையில் 19 வருடம் உணவியல் ஆலோசகராக வேலை பார்த்தவள். நான் வீகன் கிடையாது. என் மகள் நான்கு வருடமாக அப்படித்தான் இருக்கிறாள், வீட்டுக்கு மளிகை வாங்குவது நான். ஆக இதில் பாதி படிப்பு, பாதி கடைத்தெரு. மருத்துவர் இல்லை என்பதால் ரத்தப் பரிசோதனை, மாத்திரை அளவு பற்றிப் பொதுவாக மட்டும் சொல்வேன். விலைகள் நான் கடைசியாக வாங்கியபோது இருந்தவை, அஞ்சு பத்து முன்னே பின்னே இருக்கும்.

வீகன் என்பதற்குத் தமிழில் நனிசைவம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் அதைச் சொன்னாலும் வீகன் என்று சொன்னாலும் ஒன்றுதான், இரண்டும் புரியாது. "பால், நெய் சேர்க்காததுங்களா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீகன் என்ற முத்திரையோடு அலமாரியில் இருக்கும் பொருளுக்கு ஒரு விலை, அந்த முத்திரை இல்லாமல் சாக்கில் கொட்டிக் கிடக்கும் அதே மாதிரிப் பொருளுக்கு வேறு விலை. இட்லி, தோசை, சாம்பார், ரசம், கொள்ளுப் பருப்பு, ராகிக் களி, அரிசியும்பருப்புச் சாதம், சுண்டல், கடலை மிட்டாய், சுக்குக் காப்பி எல்லாம் ஏற்கெனவே பால் இல்லாதவை. கொங்குச் சமையலில் நிலக்கடலை, எள், தேங்காய், பயறு இந்த நான்கும் இல்லாத நாளே குறைவு. உங்கள் அடுப்படியில் மாற்ற வேண்டிய இடம் மூன்றே மூன்று. டீயில் ஊற்றும் பால், கடைசிச் சோற்றுக்குத் தயிர், சுடுசோற்றில் நெய்.

நெய்யை ஒரு வரியில் முடித்துவிடலாம். அரிசியும்பருப்புச் சாதத்துக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் போதும், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். டீயும் அவ்வளவு கஷ்டமில்லை. கோவையில் பேக்கரியைத் தவிர்த்து யாரும் வாழ முடியாது, அங்கே போனால் லெமன் டீயோ சுக்குக் காப்பியோ சொல்லிக்கொள்ளுங்கள். அறையில் பால் டீதான் வேண்டும் என்றால் கடலைப் பால் அல்லது சோயா பால். பாதாம் பால் வேண்டாம் என்பேன். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் சுற்றி விற்கும்போது, டப்பாவில் வரும் பாதாம் பானம் 250, 300 என்று போகிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பாதாம் எத்தனை சதம் என்று போட்டிருக்கும். பெரும்பகுதி தண்ணீர்தான், புரதம் பசும்பாலின் பக்கத்தில்கூட வராது. 2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பானங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்தது, சோயா பானத்துக்கு 12லிருந்து 5. அப்படிக் குறைந்தும் உங்கள் பட்ஜெட்டுக்குப் பாதாம் எட்டாது. டப்பாவில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத, கால்சியம் சேர்த்த சோயா பானம் மட்டும் வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில், புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது அதுதான்.

தயிர்தான் பலருக்கும் கடைசித் தடை. என் மகளும் அப்படித்தான். "மத்ததெல்லாம் விட்டுட்டேன்மா, தயிர் இல்லாம சாப்பாடு முடிஞ்ச மாதிரியே இல்ல" என்பாள். அதனால் கடலைத் தயிரைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு டம்ளர் பச்சை நிலக்கடலையை இரவு ஊறப் போடுங்கள். காலையில் கையால் கசக்கினால் தோல் மேலே மிதக்கும், அதைத் தண்ணீரோடு வடித்துவிடுங்கள். தோல் இருந்தால் துவர்க்கும், நிறமும் பழுப்படிக்கும். மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்து, பிறகு மொத்தம் மூன்று டம்ளர் தண்ணீர் வரும்படி சேர்த்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழியுங்கள். இந்தப் பாலைக் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. பசும்பாலைவிடச் சட்டென்று பொங்கும், அடியும் பிடிக்கும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கி ஐந்து நிமிடம் கொதித்தால் பச்சைக் கடலை வாசனை போய்விடும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், கழுவித் துடைத்த பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டை அதில் அமிழ்த்தி மூடி வையுங்கள். மார்கழிக் குளிரில் 12 மணி நேரம்கூட ஆகும், சித்திரையில் ஆறேழு மணியில் உறைந்துவிடும். முதல் தடவை நீர்த்த மாதிரிதான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். அதில் இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் இரண்டாவது, மூன்றாவது தடவையில் கெட்டித் தயிர் வரும். நான் முதன்முதலாகச் செய்தபோது அவசரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன். பால் திரிந்து, பனீருக்கும் ஆகாமல் தயிருக்கும் ஆகாமல் ஒன்று வந்தது. அதை வெங்காயம் போட்டுப் பொரியலாக்கித்தான் தீர்த்தோம். பிழிந்த சக்கையையும் கொட்ட வேண்டாம், அடை மாவில் போடலாம், துவையல் அரைக்கலாம். 20 ரூபாய்க் கடலையில் அரை லிட்டர் தயிரும் ஒரு துவையலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடலைத் தயிர் நாக்குக்கும் மனசுக்கும் பால் தயிரின் இடத்தை நிரப்பும், கால்சியத்தில் நிரப்பாது. நிலக்கடலையில் கால்சியம் குறைவு, அதை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்துப் பிழிந்தால் இன்னும் குறைவு. ஆகவே தயிர்ச் சோற்றுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதால் பால் பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாமான் எங்கே வாங்குவது? பயறு, பருப்பு, கடலை வகைகளை மாதம் ஒருமுறை கோவை ரங்கே கவுடர் வீதியில் வாங்குங்கள். மொத்தக் கடைகளில் பல இடத்தில் கிலோக் கணக்கில் சில்லறையாகவும் தருவார்கள். மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறீர்கள், நண்பர்களும் பருப்பு சாப்பிடத்தான் போகிறார்கள். ஐந்து கிலோவாகக் கேட்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டால் விலை இன்னும் இறங்கும். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பருப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதே பருப்பை முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டி விற்றால் 5 சதம் உண்டு, 2022 ஜூலை 18 முதல் அப்படி. அந்த ஐந்து சதத்துக்கு மேல் பாக்கெட் செலவும் சூப்பர் மார்க்கெட் ஏ.சி. செலவும் சேர்ந்துதான் உங்கள் பில்லில் வந்திருக்கிறது. நிலக்கடலை வாங்கும்போது மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். ஒரு பிடி எடுத்து முகர்ந்து, இரண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தாலோ, பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தாலோ வேண்டாம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நச்சு ஈரலுக்கு ஆகாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

மீல்மேக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், விலை துவரம்பருப்புக்குக் கிட்டத்தட்ட அதே. ரூபாய்க்கு இவ்வளவு புரதம் தரும் பொருள் கடைத்தெருவில் வேறு அதிகம் கிடையாது. உப்புப் போட்ட வெந்நீரில் கொதிக்க வைத்து, பிழிந்து, இன்னொரு தரம் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தச் சோயா வாடை அடங்கும். டோஃபுவை விட்டுவிடுங்கள், ஆசைக்கு மாதம் ஒருமுறை போதும். சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் மாறும் என்று உங்கள் அறை நண்பர் பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவற்றில், சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகத் தெரியவில்லை. தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும், மாத்திரை உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள், நம் ஊரில் ஆர்.எஸ். புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கின்றன. வாசலிலேயே அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆறு, ஆறரைக்குப் போனால் கீரை நல்லதாகக் கிடைக்கும். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள், ஆனால் கீரை வாடியிருக்கும். ஞாயிறு காலையில் ஒருமுறை, வாரத்தின் நடுவில் கீரைக்கு மட்டும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரக்கோலி, அவகாடோ பக்கம் போகவே வேண்டாம். பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, அந்தந்த சீசனில் எது குவிந்து கிடக்கிறதோ அது. முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்கும் முன் வீட்டுக்கார அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவிலும் ஒரு மரமாவது இருக்கும், ஒடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

ஊரில் உங்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அரிசியை அம்மா யாருக்கோ கொடுத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வரும்போது பையில் ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் வந்தாலே 300 ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்த அரிசியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சில வருடங்களாக ரேஷனில் வந்துகொண்டிருந்தது செறிவூட்டிய அரிசி, உங்களுக்கு வருவதும் அதுவாக இருக்கலாம். நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில், அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அச்சில் வார்த்த மணி கலந்திருக்கும். களையும்போது லேசாக மஞ்சளடித்து மிதக்கும் அந்த மணிகளைத்தான் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். எறியாதீர்கள். வடித்துக் கஞ்சியைக் கொட்டாமல், அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்குங்கள். ஆனால் இதை நம்பி பி12 கணக்கை மூடிவிடவும் முடியாது. விதிப்படி ஒரு கிலோவில் இருக்க வேண்டிய பி12, 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நீங்கள் நாளுக்குக் கால் கிலோ பொங்கினால் கிடைப்பது அதிகபட்சம் 0.3 சுற்றித்தான். தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்.

இப்போது கணக்குக்கு வருவோம். ரேஷனைச் சேர்க்காமலே போடுகிறேன். அரிசி ஏழு கிலோ 380, ராகி இரண்டரை கிலோ 120, துவரை, பாசிப்பருப்பு, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து மூன்று கிலோ 370, மீல்மேக்கர் அரை கிலோ 80, நிலக்கடலை ஒன்றரை கிலோ 230, பொட்டுக்கடலை அரை கிலோ 60, எள் கால் கிலோ 60, எண்ணெய் ஒன்றேகால் லிட்டர் 230, தேங்காய்க்கு 150, காய், கீரை, வாழைப்பழம், நெல்லிக்காய்க்கு 900, புளி, மிளகாய், மல்லி, உப்பு, வெல்லம், டீத்தூளுக்கு 300. கூட்டினால் 2,900க்குள் நிற்கிறது. மிச்சம் 600இல் கேஸ் பங்கும் மாத்திரையும் போக, பேக்கரிக்கும் கொஞ்சம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். மேலே சொன்னதை முழுக்கச் சாப்பிட்டால் 60ஐத் தாண்டும். புரதத்துக்காகத் தூள் டப்பா எதுவும் வாங்க வேண்டியதில்லை, இது உறுதி.

கால்சியத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. தேவை நாளுக்கு 1,000 மில்லிகிராம். ராகியில் 100 கிராமுக்கு 350 சுற்றி இருக்கிறது, பசும்பாலில் 120 சுற்றி. முருங்கைக்கீரையில் 300க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கு மேல் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது, உடம்பில் எவ்வளவு சேரும் என்பது சந்தேகம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியமே குறைவு. பாலக் கீரையிலும் இதே ஆக்சலேட் தொல்லை. என் கணக்கில் மேலே சொன்ன மளிகையில் உங்களுக்கு 750, 800 மில்லிகிராம் தேறும். அதனால் காலையில் ராகிக் கூழோ ராகித் தோசையோ வாரத்துக்கு ஐந்து நாளாவது, முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், இதை விட்டுவிடாதீர்கள். கால்சியம் சேர்த்த சோயா பானம் வாங்குவதென்றால் அதற்கான நியாயமும் இங்கேதான் இருக்கிறது. ராகியை முளைகட்டி அரைத்தால் சத்து கொஞ்சம் கூடுதலாகச் சேரும், மில்லில் அரைக்கும் கூலியைத் தவிர செலவில்லை.

உப்பில் மலிவானதே நல்லது. இந்துப்பு, இமயமலை உப்பு என்று போகாமல் சாதாரண அயோடின் உப்பே வாங்குங்கள். பால், முட்டை, மீன் இல்லாதவருக்கு அயோடின் வர வேறு நல்ல வழி இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள், கூடவே குடித்தால் பயறிலுள்ள இரும்பு சரியாகச் சேராது. சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும்.

பி12 விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வரும். பழைய சோறு நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் புளித்த உணவில் பி12 இருந்தாலும் அது இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி, நம்ப முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். தாவர உணவு எதையும் பி12க்கு நம்பக் கூடாது, இதில் உணவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் முதல் ஒன்றிரண்டு வருடம் எதுவும் தெரியாமல் போகலாம். நம் ஊரில் சிறுவயதிலிருந்தே சைவமாக வளர்ந்தவர்கள் பலருக்கு அந்தச் சேமிப்பே குறைவு. கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், அதிலுள்ள ஃபோலேட் என்ற சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். என்னிடம் வந்த ஓர் இளைஞர், ஐந்து வருட வீகன், உங்களை மாதிரியே கணினி வேலை. செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றார். ஊசி போட்டுப் பெருமளவு சரியானது, பாதத்தில் மரமரப்பு கொஞ்சம் தங்கிவிட்டது.

பி12க்கு, வீகன் சொசைட்டி என்ற பிரிட்டன் அமைப்பின் பரிந்துரை நாளுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2,000. நம் மருந்துக் கடைகளில் 500, 1,500 மைக்ரோகிராம் மாத்திரைகள் சாதாரணமாகக் கிடைக்கும். ஒருமுறை ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு, எது, எத்தனை நாளுக்கு ஒன்று என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டால் வெளியில் விற்பதைவிட நல்ல மலிவு. கேப்சூல் வாங்கினால் மேலுறை ஜெலட்டினா என்று பாருங்கள், அது மாடு போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. மாத்திரையாக வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. வைட்டமின் டி3 மாத்திரையும் பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. அதுவும் வேண்டாமென்றால் லைக்கன் என்ற கற்பாசி வகையிலிருந்து எடுத்தது கிடைக்கிறது, விலைதான் கூடுதல். குறைபாடு என்று பரிசோதனையில் வந்தால் அப்போது பார்க்கலாம், அதுவரை மதிய வெயிலில் கை கால் படும்படி கொஞ்சம் நடங்கள்.

லேபிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான், பாலும் தேனும் அதற்குள் அடங்கும். 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்குத் தனி விதி கொண்டுவந்தது, பச்சையில் ஆங்கில 'வி' எழுத்தும் அதன்மேல் ஒரு சிறு செடியும் இருக்கும். அது இல்லாதது எல்லாம் பால் கலந்தது என்று அர்த்தமில்லை. முத்திரை வாங்காத எத்தனையோ பொருள் பால் இல்லாமலே இருக்கிறது. மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்காக ஒரு வரி இருக்கும், அதில் பால் உண்டு என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மோர்த் தெளிவுத் தூள் (வே பவுடர்), பால் திடப்பொருள் (மில்க் சாலிட்ஸ்), கேசினேட் என்று பிஸ்கட், ரஸ்க், மசாலா சிப்ஸ் பலவற்றில் பால் ஒளிந்திருக்கும். "பால் இருக்கக்கூடும்" என்ற வரி வேறு, அது ஒரே எந்திரத்தில் ஓடியதைச் சொல்வது. அதை ஏற்பதும் தவிர்ப்பதும் உங்கள் மனசு. என் மகள் அதை ஏற்றுக்கொள்கிறாள். சர்க்கரையை எலும்புக் கரியில் வடிகட்டுகிறார்கள் என்று இணையத்தில் படித்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் வெளிநாட்டுக் கதை. நம் ஆலைகள் பெரும்பாலானவற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டுதான் சாறைத் தெளிய வைக்கிறார்கள்.

கடைசியாக, நண்பர்கள் பால் சாப்பிடுகிறவர்கள், தனித்தனியாகச் சமைத்தால் கேஸ் செலவு கூடுமே என்று எழுதியிருந்தீர்கள். தனியாகச் சமைக்க வேண்டாம். ஒரே குக்கரில் பருப்பு, ஒரே சட்டியில் சாம்பார், தாளிப்பு எண்ணெயில். நெய் வேண்டியவர்கள் அவரவர் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும், தயிர்ப் பாக்கெட்டை அவர்கள் வாங்கட்டும், கடலைத் தயிர்ச் சட்டி உங்களுடையது. அதன்மேல் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் பெயர் எழுதாததால் என் கணவர் இரண்டு நாள் வித்தியாசமே தெரியாமல் அதை மோராக்கிக் குடித்துவிட்டார்.